பாட்டு கேட்கிறது, கேம் மட்டும் ஏன் ஊமை? அப்டேட்டுக்குப் பின் தொலைந்த சத்தத்தைத் தேடும் வழி

இரவோடு இரவாகக் கணினி தானே அப்டேட் ஆகி முடித்திருக்கிறது. மறுநாள் கேமைத் திறக்கிறீர்கள். படம் ஓடுகிறது, துப்பாக்கி வெடிக்கிறது, பாத்திரங்களின் வாய் அசைகிறது. சத்தம் மட்டும் இல்லை. சந்தேகத்தில் உலாவியில் ஒரு பாட்டைப் போட்டால் அது கணீரென்று பாடுகிறது. ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருக்கிறது. கேமும் நேற்றுவரை நன்றாகத்தான் இருந்தது.

இந்த இடத்தில் பலரும் எடுக்கும் முதல் முடிவு, கேமை அழித்துவிட்டு மறுபடி இறக்குவது. பல ஜிபி இறக்கி முடித்த பிறகும் அதே மௌனம்தான் காத்திருக்கும். ஏனென்றால் அப்டேட் பெரும்பாலும் கேமின் கோப்புகளைத் தொடுவதே இல்லை. கேமிலிருந்து காதுவரை சத்தம் வந்து சேரும் பாதையில்தான் அது எதையோ மாற்றிவைத்திருக்கும். பாதை தெரிந்தால் எங்கே அடைப்பு என்று தேடலாம். தெரியாவிட்டால் கைக்குக் கிடைத்த பட்டனையெல்லாம் அழுத்திக்கொண்டிருப்போம்.

சத்தம் ஓடும் வாய்க்கால்

அணையிலிருந்து கடைமடைக்குத் தண்ணீர் போவதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கேம் முதலில் தனக்குள்ளேயே காலடி ஓசை, மழை, வசனம், பின்னணி இசை எல்லாவற்றையும் கலந்து ஒரே ஓட்டமாக்குகிறது. அதை இயங்குதளத்திடம் ஒப்படைக்கிறது. இயங்குதளம் அதே நேரத்தில் உலாவியிலிருந்தும் சாட் செயலியிலிருந்தும் வரும் ஒலிகளை அதோடு சேர்த்து மறுபடி கலக்கிறது. கலந்ததை டிரைவர் என்ற சிறு மென்பொருள் வாங்கி, ஒலிச் சில்லுக்குப் புரியும் மொழியில் சொல்கிறது. கடைசியில் ஹெட்போன் துளை, யூஎஸ்பி, எச்டிஎம்ஐ, ப்ளூடூத் என்று ஏதோ ஒரு வாசல் வழியாக ஒலி வெளியேறுகிறது.

ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு மதகு இருக்கிறது. மேலே எவ்வளவு தண்ணீர் நிரம்பி நின்றாலும் நடுவில் ஒரு மதகு மூடியிருந்தால் கடைமடை காய்ந்துதான் கிடக்கும். வேறு வாய்க்காலில் திருப்பிவிட்டிருந்தாலும் கதை அதேதான். அப்டேட்டுக்குப் பிறகு வரும் சிக்கல்களில் நான் அதிகம் பார்த்தது இந்த இரண்டாவது வகை. சத்தம் செத்துப்போயிருக்காது; வேறு வாசல் வழியாக, கேட்க ஆளில்லாத இடத்துக்குப் போய்க்கொண்டிருக்கும்.

தேடலைத் தொடங்கும் முன் ஒரு சின்ன விஷயம். கணினியை ‘ரீஸ்டார்ட்’ செய்யுங்கள், ‘ஷட் டவுன்’ வேண்டாம். இரண்டும் ஒன்று என்றுதான் பலர் நினைக்கிறார்கள். விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதி இருக்கிறது. அது இயங்கும்போது ஷட் டவுன் செய்தால், இயங்குதளத்தின் மையப் பகுதியும் டிரைவர்களும் இருந்த நிலையிலேயே வட்டில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அப்படியே எழுப்பப்படும். சிக்கலும் கூடவே எழுந்து வரும். ரீஸ்டார்ட் மட்டும்தான் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றும்.

கேம் பேசுகிறதா, இல்லையா?

இனி கேட்க வேண்டியது ஒரே கேள்வி. கேம் சத்தத்தை வெளியே அனுப்புகிறதா? இதற்கு விண்டோஸிலேயே பதில் இருக்கிறது. கேமைத் திறந்து ஓடவிட்டுக்கொண்டே, திரையின் மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தில் வலது கிளிக் செய்து ‘வால்யூம் மிக்ஸர்’ பகுதிக்குப் போங்கள். கேம் ஓடும்போதுதான் அதன் பெயர் அங்கே தெரியும். மூடிவிட்டுத் தேடினால் கிடைக்காது. கேமின் வால்யூம் பூஜ்யத்தில் இருக்கிறதா, ஊமையாக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்படி இருந்தால் வேலை முடிந்தது.

அங்கே எல்லாம் சரியாக இருந்தால், ‘மோர் சவுண்ட் செட்டிங்ஸ்’ வழியாகப் பழைய சவுண்ட் சாளரத்தைத் திறந்து ‘பிளேபேக்’ பக்கத்துக்குப் போங்கள். இணைந்துள்ள ஒவ்வொரு கருவியின் பக்கத்திலும் ஒரு சிறு அளவுப் பட்டை இருக்கும். சத்தம் போகிற கருவியில் பச்சைக் கோடுகள் ஏறி இறங்கும். வேறு எதையும் ஓடவிடாமல் கேமை மட்டும் ஓடவிட்டு இந்தப் பட்டைகளைக் கவனியுங்கள். நீங்கள் எதிர்பார்க்காத கருவியில் கோடு துள்ளினால், சத்தம் வாசல் மாறிப் போயிருக்கிறது. சரியான கருவியிலேயே துள்ளியும் காதில் விழவில்லை என்றால் கோளாறு டிரைவருக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே. எதிலுமே துள்ளவில்லையா? கேம் வாயே திறக்கவில்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, நானே விழுந்திருக்கிறேன். பல கேம்களில் ‘பின்னணிக்குப் போனால் ஒலியை நிறுத்து’ என்று ஒரு தேர்வு உண்டு. நீங்கள் பட்டையைப் பார்க்க வேறு சாளரத்துக்குத் தாவிய கணமே கேம் தானாக அடங்கிவிடும். பட்டை அசையாததைப் பார்த்து, கேம்தான் குற்றவாளி என்று முடிவு கட்டிவிடுவோம். அந்தத் தேர்வை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

வாசல் ஏன் மாறுகிறது?

ஒரு முறை நண்பர் ஒருவரின் கணினியில் சத்தத்தைத் தேடி மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். டிரைவரை அழித்தேன், திரும்பப் போட்டேன், கேமையும் மாற்றினேன். கடைசியில் பார்த்தால் ஒலி முழுவதும் எச்டிஎம்ஐ வழியாக மானிட்டருக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த மானிட்டரில் ஸ்பீக்கரே கிடையாது. அன்றிலிருந்து டிரைவரைத் தொடும் முன் பட்டையைப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது.

இது நடப்பதற்குக் காரணம் உண்டு. எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் கம்பிகள் படத்தோடு ஒலியையும் கொண்டுபோகும். எனவே கிராஃபிக்ஸ் அட்டைக்கும் ஒரு ஒலி டிரைவர் உண்டு. அப்டேட் கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பிக்கும்போது அந்த ஒலி டிரைவரும் புதிதாக வந்து இறங்கும். புதிய கருவி ஒன்று வந்திருப்பதாக இயங்குதளம் நினைத்து, மானிட்டரை இயல்பு வாசலாக்கிவிடலாம், அதாவது வேறெதையும் நீங்கள் சொல்லாதபோது ஒலி போகும் ‘டிஃபால்ட்’ கருவியாக்கிவிடலாம்.

சரி, அப்படியானால் பாட்டும்தானே மானிட்டருக்குப் போயிருக்க வேண்டும்? அது மட்டும் எப்படி ஸ்பீக்கரில் கேட்கிறது? விண்டோஸ் 10-இன் 2018 ஏப்ரல் பதிப்பிலிருந்து ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி வாசலை ஒதுக்க முடிகிறது. உலாவி ஸ்பீக்கருக்கு, கேம் ஹெட்செட்டுக்கு என்று என்றோ ஒருநாள் நீங்களே ஒதுக்கிவிட்டு மறந்திருக்கலாம். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. விண்டோஸ் ஒவ்வொரு ஒலி வாசலையும் ஓர் அடையாள எண்ணை வைத்துத்தான் நினைவில் கொள்கிறது, பெயரை வைத்து அல்ல. டிரைவர் மாறும்போது, அல்லது யூஎஸ்பி ஹெட்செட்டை வேறு துளையில் சொருகும்போது, அதே கருவி புதிய எண்ணோடு வரலாம். பட்டியலில் பெயருக்கு முன்னால் ‘2-’ என்று ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். கேம் தன் அமைப்புகளில் பழைய எண்ணைக் குறித்து வைத்திருந்தால், இல்லாத வீட்டு விலாசத்துக்குக் கடிதம் போடுகிற கதைதான்.

விண்டோஸ் 11-இல் வால்யூம் மிக்ஸர் பக்கத்தின் அடியில் ‘ரீசெட்’ பட்டன் ஒன்று இருக்கிறது. எல்லாச் செயலிகளின் வாசலையும் வால்யூமையும் பழைய இயல்பு நிலைக்குக் கொண்டுவரும். பிறகு சவுண்ட் செட்டிங்ஸில் உங்கள் ஸ்பீக்கரையோ ஹெட்போனையோ இயல்பு வாசலாகத் தேர்ந்தெடுங்கள். கேமுக்குள் ஆடியோ பகுதியில் வெளியீட்டுக் கருவியைக் கேட்டால் ‘டிஃபால்ட்’ என்று வையுங்கள். ஸ்பீக்கர் இல்லாத மானிட்டரை ஒலிப் பட்டியலிலிருந்தே முடக்கிவிடுவது இன்னும் நல்லது.

கேமை மூடித் திறக்கவும் மறக்காதீர்கள். பல கேம்கள் தொடங்கும் நொடியில் எது இயல்பு வாசல் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளும், அதோடு சரி. நடுவில் நீங்கள் வாசலை மாற்றினால் அவற்றுக்குத் தெரியாது. ப்ளூடூத் ஹெட்போனைக் கேமைத் திறந்த பிறகு இணைக்கிறவர்கள் இதில் அடிக்கடி மாட்டுவார்கள்.

ப்ளூடூத்துக்குத் தனியாகவே ஒரு தலைவலி இருக்கிறது. அதில் இசைக்கு ஒரு முறை, தொலைபேசி உரையாடலுக்கு ஒரு முறை என்று இரண்டு உண்டு. கேமின் குரல் அரட்டை மைக்கைத் திறந்ததும் ஹெட்செட் உரையாடல் முறைக்குத் தாவும். சத்தம் தகரடப்பாவில் பேசுவதுபோல் ஆகும், அல்லது இசை முறையைப் பிடித்துக்கொண்டிருந்த கேம் முற்றிலும் அடங்கிவிடும். மைக்காக வேறு ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் இது தீரும். இதே குடும்பத்தில் இன்னொன்று: அழைப்பு நடக்கும்போது மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறைப்பது விண்டோஸின் இயல்பு. சவுண்ட் சாளரத்தின் ‘கம்யூனிகேஷன்ஸ்’ பக்கத்தில் ‘எதுவும் செய்யாதே’ என்ற தேர்வு இருக்கிறது.

பாதிச் சத்தம் மட்டும் கேட்டால்

இசை கேட்கிறது, வசனம் கேட்கவில்லை. அல்லது வலப்பக்க வெடியோசை வருகிறது, எதிரே நின்று பேசுபவர் ஊமை. இந்த அறிகுறி கிடைத்தால் சந்தோஷப்படுங்கள், காரணம் ஏறத்தாழ கையில் இருக்கிறது. கேம் 5.1 அல்லது 7.1 என்ற பல ஸ்பீக்கர் அமைப்புக்கு ஒலியைப் பிரித்து அனுப்புகிறது; உங்களிடம் இருப்பதோ இரண்டே ஸ்பீக்கர். பல ஸ்பீக்கர் அமைப்பில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குப் போகும். நடு ஸ்பீக்கர் இல்லாத வீட்டில் அது காற்றில் கரைந்துவிடும்.

2019 செப்டம்பரில் இது பெரிய அளவில் நடந்தது. விண்டோஸ் 10-இன் 1903 பதிப்புக்கு வந்த அப்டேட் ஒன்றுக்குப் பிறகு, சில கேம்களில் சத்தம் குறைந்துவிட்டது, மாறிவிட்டது என்று புகார்கள் வந்தன. மைக்ரோசாஃப்ட் ஒத்துக்கொண்டது. கேம்கள் பல ஸ்பீக்கர் வசதி இருக்கிறதா என்று கேட்டறிய வழிசெய்யும் ஒரு மாற்றத்தை ஒலிக்கருவி நிறுவனங்கள் சில கேட்டதால் செய்ததாகவும், சில கேம்களும் கருவிகளும் அதைச் சரியாகக் கையாளாததால் அதைத் திரும்பப் பெறுவதாகவும் சொன்னது. அதே மாத இறுதியில் திருத்தமும் வந்தது. அதுவரைக்கும் சொன்ன வழி, கேமில் பல ஸ்பீக்கர் ஒலியை நிறுத்துவது, அல்லது கருவியோடு வந்த கட்டுப்பாட்டுச் செயலியில் பல ஸ்பீக்கர் இருப்பதுபோல் பாவனை காட்டும் ‘வர்ச்சுவல் சரவுண்ட்’ வசதியை அணைப்பது.

அந்த மருந்து இன்றைக்கும் வேலை செய்யும். பிளேபேக் பக்கத்தில் கருவியைத் தேர்ந்தெடுத்து ‘கன்ஃபிகர்’ அழுத்தி ஸ்டீரியோ என்று வையுங்கள். கேமுக்குள்ளும் ஸ்டீரியோ அல்லது ஹெட்போன். விண்டோஸ் சோனிக், டால்பி அட்மாஸ் போன்ற ‘ஸ்பேஷியல் சவுண்ட்’ எதுவும் ஓடினால் தற்காலிகமாக நிறுத்துங்கள். ‘ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்’ என்பதையும் அணையுங்கள். அதே கருவியின் ‘அட்வான்ஸ்டு’ பக்கத்தில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று மாதிரி வீதம் (‘சாம்பிள் ரேட்’), ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து பதிகிறார்கள் என்ற கணக்கு: 192000 ஹெர்ட்ஸ் போன்ற உச்சத்தில் இருந்தால் 48000-க்கு இறக்கிப் பாருங்கள், சில பழைய கேம்கள் அந்த உயரத்தைத் தாங்காது. மற்றொன்று, ஒரு செயலி கருவியை முழுவதுமாகத் தன் கைக்குள் எடுத்துக்கொள்ள அனுமதிக்கும் ‘எக்ஸ்க்ளூசிவ்’ தேர்வு. இசைச் செயலி ஒன்று அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தால் கேமுக்குக் கதவு திறக்காது.

டிரைவரும் அப்டேட்டின் சொந்தப் பிழைகளும்

சரியான கருவியில் பட்டை துள்ளியும் காதில் எதுவும் விழவில்லை, அல்லது எல்லாச் செயலிகளும் ஊமை என்றால் டிரைவரின் முறை. ‘டிவைஸ் மேனேஜர்’ திறந்து ஒலிக் கருவியின் பண்புகளுக்குப் போனால் ‘ரோல் பேக் டிரைவர்’ என்ற பட்டன் இருக்கும். பழைய டிரைவர் கணினியில் இன்னும் இருந்தால் அந்தப் பட்டன் அழுத்தும் நிலையில் இருக்கும். மங்கிக் கிடந்தால், மடிக்கணினி அல்லது மதர்போர்டு தயாரித்தவரின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான டிரைவரை எடுத்துப் போடுங்கள். டிரைவர்களைத் தானாகத் தேடித் தருவதாகச் சொல்லும் விளம்பரச் செயலிகள் பக்கம் போகாதீர்கள். அவை ஒரு வலியைத் தீர்த்து மூன்றைக் கொடுக்கும்.

சில நேரம் நீங்கள் என்ன செய்தாலும் தீராது, ஏனென்றால் பிழை அப்டேட்டிலேயே இருக்கும். 2018 அக்டோபரில் இன்டெலின் ஒலி டிரைவர் ஒன்று, போகக்கூடாத கணினிகளுக்கும் விண்டோஸ் அப்டேட் வழியே தவறுதலாகப் போய்ச் சேர்ந்தது. சத்தம் நின்றது. அந்த டிரைவரை அகற்றவே மைக்ரோசாஃப்ட் இன்னொரு அப்டேட் விட வேண்டியிருந்தது. 2024 டிசம்பரில், டிராக் என்ற ஒலி மேம்பாட்டு மென்பொருளோடு வந்த சில கணினிகள் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்புக்குப் போனதும் ஊமையாயின. அவற்றுக்கு அந்தப் பதிப்பை வழங்குவதையே நிறுத்திவைத்தார்கள். 2025 ஜனவரி அப்டேட்டுக்குப் பிறகு யூஎஸ்பி வழியாக இணையும் சில ஒலிக் கருவிகள் ‘கோட் 10’ என்ற பிழையோடு நின்றுபோயின. எனவே டிவைஸ் மேனேஜரில் ஒரு மஞ்சள் முக்கோணத்தைப் பார்த்தால், உங்கள் விண்டோஸ் பதிப்புக்கான ‘தெரிந்த சிக்கல்கள்’ பக்கத்தை மைக்ரோசாஃப்ட் தளத்தில் ஒருமுறை படித்துவிடுங்கள். ஐந்து நிமிட வாசிப்பு ஒரு நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

பழைய கேம்கள்

பட்டை எதிலுமே துள்ளவில்லை, மற்ற கேம்கள் சரி, இந்த ஒரு பழைய கேம் மட்டும் மௌனம். இதன் வேர் 2007-இல் வெளியான விண்டோஸ் விஸ்டாவில் இருக்கிறது. அதற்கு முன் டைரக்ட்சவுண்ட் என்ற வழியாகக் கேம்கள் ஒலி அட்டையின் வன்பொருளோடு நேரடியாகப் பேச முடிந்தது. விஸ்டா ஒலிப் பகுதியை அடியோடு மாற்றி எழுதியபோது அந்த நேர்வழி அடைபட்டது. ஈஏஎக்ஸ் என்ற முப்பரிமாண ஒலி வசதியை நம்பியிருந்த கேம்கள் அதை இழந்தன. ஒலி அட்டைகள் தயாரிக்கும் கிரியேட்டிவ் நிறுவனம் அந்தப் பழைய கட்டளைகளை ஓப்பன்ஏஎல் என்ற வேறு வழிக்கு மொழிபெயர்க்க ஆல்கெமி என்ற கருவியையே வெளியிட்டது.

அடுத்த தலைமுறைக் கேம்கள் எக்ஸ்ஆடியோ2 என்ற புதிய ஒலி வழிக்கு மாறின. அதிலும் ஒரு சங்கடம். அதன் 2.7 பதிப்பு விண்டோஸோடு வருவதில்லை. விண்டோஸ் 8-இல் 2.8 பதிப்பும் விண்டோஸ் 10-இல் 2.9 பதிப்பும் இருக்கின்றன, ஆனால் பழைய கேம் 2.7-ஐத்தான் பெயர் சொல்லிக் கேட்கும். கேம்களின் படத்துக்கும் ஒலிக்கும் மைக்ரோசாஃப்ட் தரும் டைரக்ட்எக்ஸ் நூலகங்களின் 2010 ஜூன் மாதத் தொகுப்பை நிறுவினால் அது வந்து சேரும். புதிய டைரக்ட்எக்ஸ் ஏற்கெனவே இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். இரண்டும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லாமல் அருகருகே இருக்கும்.

கேமின் நடுவே கதை சொல்ல ஓடும் வெட்டுக் காட்சிகளில் (‘கட்சீன்’) மட்டும் படமோ ஒலியோ வரவில்லை என்றால், உங்கள் விண்டோஸ் ‘என்’ பதிப்பா என்று பாருங்கள். ஐரோப்பிய ஆணையத்தின் 2004 தீர்ப்பை ஒட்டி வந்த பதிப்பு அது, மீடியா வசதிகள் இல்லாமல் வரும். அதற்கான ‘மீடியா ஃபீச்சர் பேக்’ தொகுப்பைப் பெரிய அப்டேட்டுகளுக்குப் பிறகு மறுபடி நிறுவ வேண்டியிருக்கும்.

விண்டோஸ் அல்லாத இடங்களில்

மேக்கில் 2019-இல் வந்த கேட்டலினா என்ற இயங்குதளப் பதிப்பு, 32-பிட் என்ற பழைய முறைச் செயலிகளை முற்றாகக் கைவிட்டது. அங்கே பழைய கேம் சத்தமில்லாமல் ஓடாது, ஓடவே ஓடாது. லினக்ஸின் பல வழங்கல்கள் (‘டிஸ்ட்ரிபியூஷன்’) ஒலிகளைக் கலக்கும் வேலையில் பல்ஸ்ஆடியோ என்ற மென்பொருளிலிருந்து பைப்வயர் என்ற புதியதற்கு மாறின; ஃபெடோரா 34 அதை 2021-இல் இயல்பாக்கியது. இப்படிப்பட்ட மாற்றத்துக்குப் பிறகு 64-பிட் செயலிகள் பாடும், 32-பிட் கேம் பாடாது என்றால், ஒலி நூலகத்தின் 32-பிட் பிரதி விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள்.

ஐபோனில் வீடியோ பேசுகிறது, கேம் பேசவில்லை என்றால் சைலன்ட் நிலையைப் பாருங்கள். ஐபோனில் ஒரு செயலி தன் ஒலி எந்த வகை என்று இயங்குதளத்திடம் அறிவிக்கும். வீடியோச் செயலிகள் அறிவிக்கும் வகை சைலன்ட்டைப் பொருட்படுத்தாது. பல கேம்கள் அறிவிக்கும் வகை சைலன்ட்டுக்குக் கட்டுப்படும். சொன்னால் பலர் நம்ப மறுக்கிறார்கள், பக்கவாட்டுப் பொத்தானைத் தள்ளிக் காட்டினால்தான் சிரிக்கிறார்கள். 2023-இன் ஐபோன் 15 ப்ரோவிலிருந்து சில மாடல்களில் தள்ளும் பொத்தான் போய் ‘ஆக்‌ஷன்’ பட்டன் வந்ததால், எப்போது கைபட்டு மாறியது என்று தெரியாமலே இருக்கலாம்.

ஒன்றும் சரிவரவில்லை என்றால்

விண்டோஸ் பெரிய பதிப்பு மாற்றத்துக்குப் பிறகு 10 நாள்வரை பழைய பதிப்புக்குத் திரும்ப இடம் கொடுக்கும்; ‘ரெக்கவரி’ பகுதியில் ‘கோ பேக்’ என்று இருக்கும். மாத அப்டேட்டுகளை ‘அப்டேட் ஹிஸ்டரி’ பக்கத்திலிருந்து தனித்தனியாக நீக்கலாம். நீக்கிய கையோடு அப்டேட்டுகளைச் சில வாரம் நிறுத்திவையுங்கள், 35 நாள்வரை முடியும். இல்லையென்றால் நீங்கள் தூங்கும் நேரம் பார்த்து அதே அப்டேட் திரும்பவும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.